எருவிலிருந்து எழுந்த மாளிகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பணிபுரிகிறான். சென்ற கோடையில் எங்களை அந்நகருக்கு அருகே உள்ள டின்ட்ஸ்ஃபீல்ட் என்னும் மாளிகைக்கு அழைத்துச் சென்றான். விக்டோரியா மகாராணி காலத்து வீடு. அரண்மனை போல இருந்தது. பறவைகளின் எச்சத்தை விற்ற பணத்தில் எழுந்த வீடு என்று அங்கே ஒருவர் சொன்னதை என்னால் நம்பவே முடியவில்லை. அது உண்மைதானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முழுக்க உண்மை. அந்த வீட்டை எழுப்பியவர் வில்லியம் கிப்ஸ். அவருடைய தந்தை ஆண்டனி கிப்ஸ், எக்ஸெட்டர் நகரத்துக் கம்பளித் துணி வணிகர். 1789இல் தொழில் நொடித்துக் கடனாளியாகி, பிழைப்புத் தேடி ஸ்பெயின் நாட்டுக்குச் சென்றவர். வில்லியம் 1790இல் மாட்ரிட் நகரில் பிறந்தது அதனால்தான். பின்னர் தந்தை லண்டனில் தொடங்கிய வணிக நிறுவனத்தில் சேர்ந்த வில்லியமும் அவருடைய அண்ணன் ஜார்ஜ் ஹென்றியும், சட்டப்படி தங்களைக் கட்டுப்படுத்தாத தந்தையின் பழைய கடன்களைச் சிறுகச் சிறுக அடைத்து, 1840 வாக்கில் முழுவதுமாகத் தீர்த்தார்கள். இந்தக் குடும்பத்தின் கதையில் எனக்கு மிகவும் மதிப்புத் தோன்றும் பகுதி இதுதான். அரை நூற்றாண்டுக்கு முந்தைய கடனை, கேட்பதற்கே ஆள் குறைந்துவிட்ட காலத்தில் தேடிச் சென்று கொடுத்த மனிதர்கள் அவர்கள்.

செல்வம் வந்தது அதற்குப் பிறகு. ஸ்பானியப் பேரரசிலிருந்து விடுதலை பெற்ற தென் அமெரிக்க நாடுகளில் இந்த நிறுவனம் ஏற்கெனவே கிளைகளைத் திறந்திருந்தது. பெரு நாட்டின் தலைநகரான லிமா கிளை அவற்றுள் ஒன்று. அந்நாட்டின் கடற்கரைக்கு அப்பால், பிஸ்கோ துறைமுகத்துக்கு எதிரே சின்ச்சா தீவுகள் என்ற சிறு பாறைத் தீவுகள் மூன்று உள்ளன. குளிர்ந்த ஹம்போல்ட் கடல் நீரோட்டத்தில் நெத்திலி போன்ற சிறு மீன்கள் பெருந்திரளாக வாழ்வதால், அவற்றை உண்ணும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் லட்சக்கணக்கில் அத்தீவுகளில் தங்கும். அதே நீரோட்டத்தின் விளைவாக அங்கே மழை ஏறக்குறைய பெய்வதே இல்லை. ஆகவே பறவைகளின் எச்சம் கரைந்து ஓடாமல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து, சில இடங்களில் முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துக்குக் குன்றாகக் கிடந்தது. இதற்குக் குவானோ என்று பெயர். எருவைக் குறிக்கும் கெச்சுவா மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மழை படாததால் அதிலுள்ள தழைச்சத்து வீணாகவில்லை. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அதில் உண்டு. இன்கா அரசர்கள் காலத்திலிருந்தே ஆண்டிஸ் மலை உழவர்கள் அதைத் தங்கள் வயல்களுக்கு இட்டு வந்தார்கள். ஐரோப்பிய உழவர்கள் அதன் அருமையை அறிந்தது 1840ஆம் ஆண்டை ஒட்டியே.

பெரு அரசு கடனில் தத்தளித்த காலம் அது. தீவுகளை அரசுடைமையாக வைத்துக்கொண்டு, விற்கும் பொறுப்பை வணிகர்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தது. விற்பனை நடப்பதற்கு முன்பே அவர்களிடமிருந்து முன்பணமும் பெற்றது. 1842இல் லிமா கிளையினர் அப்படி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டபோது லண்டனில் இருந்தவர்களுக்கு அச்சம்தான் மிகுந்தது. தந்தையின் வீழ்ச்சியைக் கண்ட பிள்ளைகள் அல்லவா? அதே ஆண்டில் அண்ணன் இறந்துபோக, நிறுவனத்தின் தலைமை வில்லியமிடம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் பிரிட்டிஷ் சந்தையில் குவானோ என்றால் கிப்ஸ் என்ற நிலை ஏற்பட்டது. இங்கிலாந்தின் டர்னிப் வயல்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் கப்பல் கப்பலாக எரு வந்து இறங்கியது. 1861இல் நிறுவனம் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது, பிரபுப் பட்டம் இல்லாத ஆங்கிலேயர்களுள் முதற்பெரும் செல்வர் வில்லியம் கிப்ஸ் என்று பேசப்பட்டார். அந்தப் பணத்தில்தான், விலகிய இரண்டாம் ஆண்டில், நீங்கள் பார்த்த மாளிகையின் வேலை தொடங்கியது.

கேள்வி: மாளிகைக்கு டின்ட்ஸ்ஃபீல்ட் என்ற பெயர் ஏன்? கிப்ஸ் குடும்பத்தின் பெயர் அதில் இல்லையே?
– வாசகர், சேலம்

பதில்: அந்த நிலம் முன்பு டின்ட் என்ற நிலக்கிழார் குடும்பத்துக்கு உரியது. அங்கே இருந்த எளிய வீட்டை வில்லியம் 1843இல் ஏறத்தாழ 21,000 பவுன் கொடுத்து வாங்கி, இப்பெயரைச் சூட்டினார்.

கேள்வி: குவானோ வணிகத்தைப் பற்றி எங்கோ படித்திருக்கிறேன். அந்த எருவை வெட்டி எடுத்தவர்கள் யார்? அவர்களைப் பற்றி இந்த மாளிகையில் ஏதேனும் சொல்கிறார்களா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மாளிகையின் வரலாற்றைப் பாதியில் தொடங்கிச் சொல்வோர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் தண்டனைக் கைதிகளும் அடிமைகளும் கூலியாட்களும் அத்தீவுகளில் வேலை செய்தார்கள். 1849 முதல் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கத் தொடங்கினர். 1849க்கும் 1874க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள் பெரு நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்குச் செல்ல, ஒரு பகுதியினர் சின்ச்சா தீவுகளில் விடப்பட்டனர். அவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய சொல் நம்முடைய ‘கூலி’யிலிருந்து பிறந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஒப்பந்தம் பொதுவாக எட்டு ஆண்டுகள். பலர் ஏமாற்றப்பட்டோ கடத்தப்பட்டோ கப்பலில் ஏற்றப்பட்டவர்கள்; எந்த நாட்டுக்குப் போகிறோம் என்றுகூட அவர்களுள் பலருக்குத் தெரியாது.

வேலை எப்படிப்பட்டது என்பதை அத்தீவுகளுக்குச் சென்ற மாலுமிகளும் பயணிகளும் எழுதி வைத்திருக்கிறார்கள். கடப்பாறையாலும் மண்வெட்டியாலும் கெட்டிப்பட்ட எச்சத்தை வெட்டி, தள்ளுவண்டிகளில் ஏற்றிப் பாறை விளிம்புவரை தள்ளிச் சென்று, அங்கிருந்து கித்தான் குழாய்கள் வழியாகக் கீழே நிற்கும் கப்பல்களுக்குள் சரிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒவ்வொருவரும் நான்கைந்து டன் வெட்டியாக வேண்டும் என்று அளவு விதித்திருந்தார்கள். அதில் குறைந்தால் சாட்டையடி. வெட்ட வெட்ட எழும் தூளும் அம்மோனியா நெடியும் கண்ணையும் நுரையீரலையும் அரித்தன. தீவில் நிழலும் இல்லை, நன்னீரும் இல்லை. குடிநீரே கரையிலிருந்து வர வேண்டும். பாறையிலிருந்து கடலில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பலர்.

தீவுகள் பெரு அரசின் சொத்து. வெட்டும் வேலை உள்நாட்டு ஒப்பந்தக்காரர்களின் பொறுப்பு. விற்பது மட்டுமே கிப்ஸ் நிறுவனத்தின் வேலை. ஆகவே குற்றம் அவர்களுடையதன்று என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பணம் கொடுத்தவர்கள் அவர்கள். தீவுகளின் நிலையைப் பற்றிய செய்திகள் அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே வெளிவந்தன. தந்தையின் கடனைத் தேடித் தீர்த்த அளவுக்கு மனச்சாட்சி உள்ள ஒரு மனிதர், தம் செல்வத்தின் மறுமுனையில் நடந்ததை அறியாதிருந்தார் என்று சொல்வது அவருக்கே பெருமை ஆகாது.

இப்போது மாளிகையைப் பராமரிப்பது நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை. தன் பொறுப்பிலுள்ள வீடுகளுக்கும் குடியேற்ற ஆதிக்கம், அடிமை முறை ஆகியவற்றுக்கும் இடையிலான தொடர்புகளை ஆராய்ந்து அது 2020இல் வெளியிட்ட அறிக்கையில் டின்ட்ஸ்ஃபீல்டும் இடம்பெற்றது. அந்த அறிக்கைக்கு இங்கிலாந்தில் கடும் எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்களின் சினம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை. கூடத்தில் இருக்கும் செதுக்கு வேலையைச் செய்த தச்சுப் பட்டறையின் பெயரைச் சொல்லும்போது, அதற்கான பணத்தை வெட்டி எடுத்தவர்களைப் பற்றியும் சொல்வதுதானே முறை?

கேள்வி: கட்டிடக்கலை பயிலும் மாணவி நான். டின்ட்ஸ்ஃபீல்ட் புதிதாகக் கட்டிய வீடா, பழைய வீட்டை மாற்றி அமைத்ததா? படங்களில் பார்க்கும்போது எந்தப் பக்கமும் இன்னொரு பக்கத்தோடு ஒத்துப்போகவில்லையே!
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: நீங்கள் கவனித்தது சரி, அந்தச் சமச்சீரின்மை திட்டமிட்டுச் செய்தது. வில்லியம் வாங்கிய வீடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த, ஆரவாரமற்ற ஒரு கட்டிடம். அதை இடிக்கவில்லை. 1863இல் ஜான் நார்ட்டன் என்ற கட்டிடக் கலைஞர் அதை உள்ளே பொதிந்து வைத்து, மேலே ஒரு தளம் ஏற்றி, புதிய சிறகுகளைச் சேர்த்து, கூர்மாடங்களும் சிறு கோபுரங்களும் உயர்ந்த புகைபோக்கிகளுமாக இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் கோத்திக் பாணிக்கு முற்றிலும் மாற்றினார். கட்டுமான வேலையைச் செய்தது வில்லியம் கியூபிட் நிறுவனம். மொத்தச் செலவு ஏறத்தாழ 70,000 பவுன். வீடு வாங்கிய விலையைப் போல இது மூன்று மடங்குக்கும் மிகுதி.

விக்டோரியா காலத்துக் கோத்திக் மறுமலர்ச்சியை விரும்பியவர்களுக்குச் சமச்சீர் என்பது உயிரற்ற அழகாகத் தோன்றியது. உள்ளே எந்த அறைக்கு என்ன பயனோ அதற்கேற்ப வெளிப்புறம் ஏறியும் இறங்கியும் நீண்டும் ஒடுங்கியும் அமைய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மேலும், இடைக்காலத் தேவாலயங்களின் வடிவத்தில் கட்டுவது அவர்களுக்கு ஒரு பக்திச் செயல். வில்லியமும் அவர் மனைவி பிளான்ச்சும் ஆக்ஸ்போர்டு இயக்கத்தைச் சார்ந்தவர்கள். இங்கிலாந்துத் திருச்சபைக்குள் பழைய கத்தோலிக்க வழிபாட்டு முறைகளையும் அழகையும் மீட்க வேண்டும் என்று முயன்ற இயக்கம் அது. ஆகவே வீட்டின் கூடமும் நூலகமும்கூடத் தேவாலயத்தின் சாயலில் அமைந்ததில் வியப்பில்லை. நூலகத்தின் மரக் கூரையை அண்ணாந்து பார்த்தால் இது உங்களுக்கு விளங்கும்.

இதனால் வீட்டில் நவீன வசதிகளுக்கு இடமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பில்லியர்ட்ஸ் அறையில் உள்ள மேசை, குளிர் காலத்திலும் பந்து சீராக ஓடும்படி வெப்பமூட்டக் கூடியது. ஆட்டப் புள்ளிகளைக் காட்டுவதற்கு மின்சாரக் கருவி உண்டு. 1880களில் வில்லியமின் மகன் ஆண்டனி காலத்தில், ஹென்றி உட்யர் என்ற கட்டிடக் கலைஞர் மாடிப்படியையும் உணவறையையும் மாற்றி அமைத்தார். நார்ட்டன் எழுப்பிய நடுக் கோபுரம் இன்று இல்லை. மரத்தை உள்ளிருந்தே இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை பற்றியதால் 1935இல் அதை இறக்கிவிட்டார்கள். பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டால் முகப்பு எவ்வளவு அடங்கிப்போயிருக்கிறது என்பது தெரியும்.

கேள்வி: வீட்டோடு ஒட்டி ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறதாமே? ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய ஆலயம் எதற்கு?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதுமையில் வில்லியமின் உள்ளம் முழுவதும் அதில்தான் இருந்தது. பாரிஸ் நகரத்து செயின்ட் சாப்பல் ஆலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஆர்தர் புளோம்ஃபீல்டு அதை வடிவமைத்தார். 1872க்குப் பின் வேலை நடந்து 1875 வாக்கில் முடிந்தது. தரையிலும் சுவரிலும் பதித்த மொசைக் வேலை, வெனிஸ் நகரத்துச் சால்வியாட்டி பட்டறையின் கைத்திறன். வீட்டாரும் பணியாளரும் அங்கே கூடிச் செபித்தனர். ஆலயத்தின் அடியில் குடும்பக் கல்லறைக்காக ஒரு நிலவறையும் அமைத்தார்கள். ஆனால், ஊர்த் தேவாலயம் இருக்கும்போது தனியார் ஒருவர் வீட்டில் இன்னோர் ஆலயமா என்று உள்ளூரில் எழுந்த எதிர்ப்பின் காரணமாக, அங்கே அடக்கம் செய்யும் உரிமை கிட்டவில்லை. 1875 ஏப்ரலில் காலமான வில்லியம், அருகிலுள்ள ராக்ஸால் ஊரின் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். நிலவறை வெறுமையாகவே இருந்துவிட்டது.

அவர் ஆலயம் எழுப்பியது தம் வீட்டுக்கு மட்டுமன்று. ஆக்ஸ்போர்டு கீபிள் கல்லூரியின் ஆலயம் அவருடைய கொடை. எக்ஸெட்டர் நகரிலும் ஒரு தேவாலயத்தைக் கட்டிக் கொடுத்தார்.

கேள்வி: டின்ட்ஸ்ஃபீல்ட் குடும்ப வரலாற்றில் ‘லாலி’ என்ற பெயரைப் பார்த்தேன். எங்கள் ஊர் லாலி ரோட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு, நேரான தொடர்பு. 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் லாலியின் பெயரைத்தான் உங்கள் சாலை தாங்கி நிற்கிறது. அவருடைய அண்ணன் வென்லாக் பிரபுவும் 1891 முதல் 1896 வரை இதே மாகாணத்தின் ஆளுநர்; உதகமண்டலத்துப் புல்வெளிகளுக்கு வென்லாக் டவுன்ஸ் என்ற பெயர் வந்தது அவரால். ஆர்தர் லாலியின் மகள் அர்சுலா, 1927இல் வில்லியமின் பேரன் ஜார்ஜ் ஏபிரகாம் கிப்ஸை மணந்தார். ஜார்ஜின் முதல் மனைவி 1920இல் இன்ஃப்ளுயன்சா காய்ச்சலில் இறந்திருந்தார். பல ஆண்டுகள் பிரிஸ்டல் மேற்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜார்ஜ், 1928இல் ராக்ஸால் பிரபு ஆனார். சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் பள்ளி கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது ஆர்தர் லாலியின் ஆட்சிக் காலத்தில்தான். இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அது. எருவால் உயர்ந்த குடும்பத்தில் அவர் மகள் வாழ்க்கைப்பட்டது தற்செயலான ஒற்றுமைதான் என்றாலும், உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது நினைவில் நிற்கும் என்பதால் சொல்கிறேன்.

அர்சுலாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் இல்லையேல் அந்த வீடு இன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. 1931இல் கணவர் இறந்தபோது மூத்த மகன் ரிச்சர்டுக்கு மூன்று வயது. இளையவர் யூஸ்டஸ் கைக்குழந்தையைவிடச் சற்றே பெரியவர். அடுத்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், 1979இல் தாம் மறையும்வரை, அந்த வீட்டை விட்டுக்கொடுக்காமல் காத்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் பிரிஸ்டல் மீது குண்டு விழுந்தபோது வீட்டின் கூரையும் சேதமுற்றது. தோட்ட நிலத்தில் அமெரிக்கப் படையின் மருத்துவமனை அமைந்தது. போருக்குப் பின் வரியும் பராமரிப்புச் செலவும் தாங்காமல் நூற்றுக்கணக்கான பெருவீடுகள் இங்கிலாந்தில் இடிபட்டன. விக்டோரியா காலப் பாணியே அழகற்றது என்று எண்ணிய தலைமுறை அது. அத்தகைய காலத்தில், கோத்திக் மாளிகை ஒன்றை அதன் நாற்காலி மேசையோடு அப்படியே வைத்திருந்தது சாதாரணமான உறுதியன்று. மகனின் முழுப் பெயர் ஜார்ஜ் ரிச்சர்டு லாலி கிப்ஸ்.

கேள்வி: நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு எப்படிக் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டாம் ராக்ஸால் பிரபுவான ரிச்சர்டு திருமணம் செய்துகொள்ளவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் சில அறைகளை மட்டும் பயன்படுத்திக்கொண்டு தனியாக வாழ்ந்தார். மற்ற அறைகள் சாத்தியே கிடந்தன. 2001இல் அவர் இறந்தபோது, பட்டம் தம்பி யூஸ்டஸுக்குச் சென்றது. சொத்தோ, உயிலின்படி உறவினர் பத்தொன்பது பேருக்குப் பங்கிடப்பட வேண்டியிருந்தது. பத்தொன்பது பேர் ஒரு மாளிகையைக் கட்டி ஆள முடியாது என்பதால் விற்பனையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வீடு ஒருவருக்கு, நிலம் வேறொருவருக்கு, அறைகலன் ஏலத்துக்கு என்று சிதறிப்போகும் நிலை வந்தது.

நேஷனல் டிரஸ்ட் 2002இல் பொதுமக்களிடம் கையேந்தியது. குறுகிய காலத்தில் 80 லட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. தேசிய மரபுச் சின்ன நினைவு நிதியம் 1 கோடியே 74 லட்சம் பவுன் வழங்கியது. ஒரே சொத்துக்கு அவ்வளவு பெரிய தொகையா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. 2002 ஜூன் மாதத்தில் வீடும் அதைச் சூழ்ந்த ஏறத்தாழ 540 ஏக்கர் நிலமும் டிரஸ்ட்டின் கைக்கு வந்தன.

அவ்வளவு தொகை தகும் என்றே நான் நினைக்கிறேன். அதற்குக் காரணம் கட்டிடத்தைக் காட்டிலும் அதனுள் இருந்த பொருள்கள். கிப்ஸ் குடும்பத்தார் எதையும் எறிந்ததில்லை. டிரஸ்ட் பட்டியலிடத் தொடங்கியபோது முப்பதாயிரம் பொருள்கள் இருக்கும் என்று தோன்றியது. எண்ணிக்கை அதையும் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. மணிகள் பதித்த திருக்கிண்ணம் ஒருபுறம், பிரிக்காமலே சுருட்டி வைத்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவர்த்தாள் இன்னொருபுறம். வெடிக்காத போர்க்கால வெடிகுண்டு ஒன்றும் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. பெரும் செல்வர் வீடுகள் பலவற்றில் உயர்ந்த ஓவியங்கள் மட்டும் எஞ்சும். சமையலறைப் பாத்திரமும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளும் பணியாளரின் கணக்குப் புத்தகமும் மறைந்துவிடும். இங்கே அவை எல்லாம் தத்தம் இடத்திலேயே இருந்தன.

பொதுவாக இத்தகைய வீடுகளைச் செப்பனிடும்போது பல ஆண்டுகள் மூடிவிடுவார்கள். இங்கே, மாளிகை முழுவதையும் சாரம் கட்டித் தற்காலிகக் கூரையால் மூடி ஓடு மாற்றியபோதுகூட, பார்வையாளர்கள் மேலே ஏறி வேலையை நேரில் காணும்படி நடைபாதை அமைத்துக் கொடுத்தார்கள். பொதுமக்கள் கொடுத்த பணம் எங்கே போகிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்ற அந்த எண்ணம் பாராட்டத்தக்கது.

கேள்வி: அடுத்த மாதம் பிரிஸ்டல் செல்கிறேன். டின்ட்ஸ்ஃபீல்டில் தவறாமல் பார்க்க வேண்டியவை எவை?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நூலகத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள்; பில்லியர்ட்ஸ் மேசையையும் ஆலயத்து மொசைக் தரையையும் விட்டுவிடாதீர்கள். ஆலயத்தின் அடியில் உள்ள நிலவறையைப் பற்றி அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் சரிவில் இருக்கிறது. அங்கே இன்றும் பயிரிடுகிறார்கள். அந்தப் பாத்திகளின் அருகே நிற்கும்போது, சின்ச்சா தீவுகளைப் பற்றிய விவரம் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வழிகாட்டியிடம் விசாரியுங்கள். பலர் கேட்டால்தான் அது நுழைவாயிலுக்கு அருகே வரும்.